ஹெட் கிளார்க் பிறவிப்பெருமாள் எரியாமல் இருந்த காலம்

பருத்திச் சந்தைக்கும் ஜில்லா கோர்ட்டுக்கும் தவிர வேறெதற்கும் வெளியூர்க்காரர்கள் வந்திறங்காத நெடுங்கரை என்னும் ஊரில், ஜில்லா கோர்ட்டின் அப்பீல் பிரிவில் ஹெட் கிளார்க்காக இருந்த பிறவிப்பெருமாள், ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் தயிர்சோறும் மோர்மிளகாயும் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், சாய்ந்தபடியே இறந்துபோனார். சாயங்காலம் அறையைப் பூட்ட வந்த பியூன் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. அந்தப் பிரிவில் மத்தியானத்துக்கு மேல் ஒருவர் அசையாமல் இருப்பதை யாரும் விசேஷமாகக் கவனிப்பதில்லை.

மறுநாள் நீர்மாலை எடுத்து, குளிப்பாட்டி, கோடி போட்டு, நகராட்சி எரிவாயு தகன மேடைக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை இல்லாதவர் என்பதால் தம்பி மகன் கொள்ளி வைத்தான். தட்டு உள்ளே போயிற்று, கதவு மூடிற்று, வெளியே நின்றவர்கள் கோர்ட் விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்தபோது வேட்டி எரிந்திருந்தது, மாலை எரிந்திருந்தது, பாடையின் பச்சை மூங்கில்கூடக் கரியாகியிருந்தது, பிறவிப்பெருமாள் மட்டும் குளித்துவிட்டு வந்தவரைப் போல லேசான வெதுவெதுப்போடு கிடந்தார். மீசை முடி ஒன்றுகூடப் பொசுங்கவில்லை. மேடைக்காரர் இன்னொரு தடவை உள்ளே தள்ளிப் பார்த்தார், பிறகு வரிசையில் நின்ற வேறொரு பிணத்தை வைத்துப் பார்த்தார், அது ஒழுங்காக எரிந்தது. மிஷினில் கோளாறு இல்லை, ஆளிடம்தான் என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

விறகில் வைத்தார்கள், எரியவில்லை. மண்ணில் புதைக்கலாமென்று ஆற்றங்கரையில் குழி வெட்டினார்கள், காலையில் போய்ப் பார்த்தால் குழிக்கு மேலே மண் ஒட்டாமல் படுத்திருந்தார். நாற்றம் இல்லை, வீக்கம் இல்லை, ஈ உட்காரவில்லை. வேறு வழியில்லாமல் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினார்கள். ஊர் இதற்காக ரொம்பவும் ஆச்சரியப்படவில்லை. கோர்ட்டில் வேலை பார்த்தவருக்குச் சுடுகாட்டிலும் வாய்தா விழுந்திருக்கிறது, இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். தெருப் பெண்களுக்குத்தான் சங்கடம். அவர் மனைவி கோமதியின் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா, அவளை வளைகாப்புக்கு அழைப்பதா, எதிரே வந்தால் சகுனம் பார்ப்பதா என்று தீர்மானிக்க முடியாமல், எரித்துச் சாம்பல் அள்ளிக் காடாத்து முடிகிற வரைக்கும் எல்லாம் இப்படியே இருக்கட்டும் என்று அவர்களும் தள்ளி வைத்தார்கள். தகன மேடை ரசீது இல்லாததால் நகராட்சி இறப்புச் சான்றிதழ் தரவில்லை. சான்றிதழ் இல்லாததால் ஜில்லா கோர்ட்டின் வருகைப் பதிவேட்டிலிருந்து அவர் பெயரை அடிக்கவில்லை.

காரணம் என்னவென்று கோமதிக்கு மட்டும் உடனே தெரிந்தது. அவள் அதை யாரிடமும் மறைக்கவுமில்லை, கேட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை.

பிறவிப்பெருமாளுக்குப் பல வருஷங்களாக இடுப்பு வலி. தலையணை வைத்துப் பார்த்தார், தைலம் தேய்த்துப் பார்த்தார், ஒன்றுக்கும் அடங்கவில்லை. ஒருநாள் மேல்கோர்ட் கேட்டிருந்த ஒரு கொலை வழக்கின் கட்டை, அனுப்புவதற்காக எடுத்தவர், முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவில் தற்செயலாக வைத்தார். சாட்சி வாக்குமூலங்கள், டாக்டர் சர்டிபிகேட், தீர்ப்பு எல்லாம் சேர்ந்து வெள்ளை நாடாவால் கட்டிய அந்தக் கட்டின் கனம், அவருடைய இடுப்பு வளைவுக்கென்றே அளவெடுத்தாற்போல இருந்தது. வலி போயிற்று. கட்டும் அங்கேயே இருந்துவிட்டது. அந்தக் கட்டு மட்டும் இல்லையென்றால் தன்னால் வேலையே பார்க்க முடியாது என்று வீட்டில் வந்து நன்றியோடு சொல்வார். மேல்கோர்ட்டிலிருந்து நினைவூட்டல் வரும்போதெல்லாம், தேடப்பட்டு வருகிறது என்று பதில் எழுதுவார், அந்தக் கட்டின் மேல் சாய்ந்துகொண்டே.

அது கருத்தப்பாண்டியின் கட்டு. பருத்தி மில் ஒன்றில் ராக்காவல் பார்த்தவன். மில்லுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை குத்துப்பட்டுக் கிடந்தபோது முதலில் போய்த் தொட்டவன் அவன்தான் என்பதால் அவனையே பிடித்து ஆயுள் தண்டனை கொடுத்திருந்தார்கள். சாட்சி ஒரு பக்கத்தில் சொன்னது அடுத்த பக்கத்தோடு ஒட்டவில்லை, படித்துப் பார்த்தால் ஒரு வாய்தாவில் விடுதலை என்று அவன் வக்கீல் சொல்வார். ஆனால் கீழ்க்கோர்ட் கட்டு வராமல் மேல்கோர்ட் எதைப் படிக்கும்? ஜாமீன் கேட்டாலும் கட்டு வரட்டும் என்பார்கள். அவன் மனைவி சீனியம்மாள் பருத்தி எடுக்கப் போகாத நாளெல்லாம் அப்பீல் பிரிவின் வராந்தாவில் வந்து உட்கார்ந்திருப்பாள். ஜெயிலில் அவனுக்கு இருமல் பிடித்து, அது ரத்தமாக வர ஆரம்பித்திருந்தது. போன தடவை பார்க்கப் போனபோது கம்பியைப் பிடித்து நிற்க முடியாமல் உட்கார்ந்தே பேசினான். கட்டு மேலே போகிறதா, அதற்கு முன்னால் அவன் போகிறானா என்பதுதான் அவளுடைய ஒரே கேள்வி. அந்தக் கேள்வியை ஜன்னல் வழியாக அவள் யாரைப் பார்த்துக் கேட்டாலும், கட்டு பத்திரமாக இருக்கிறது என்று பதில் வரும். அதில் பொய்யே கிடையாது.

பிறவிப்பெருமாள் கட்டிலில் கிடந்து சில வாரங்கள் ஆனபோது மேல்கோர்ட்டிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அப்பீல் கட்டுகளை அனுப்பாமல் தாமதித்த அலுவலர் யார் யார், ஒவ்வொருவர் மேலும் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று பெயரோடு எழுதி அனுப்ப வேண்டும். நெடுங்கரை ஜில்லா கோர்ட்டில் இடி விழுந்திருந்தால்கூட அவ்வளவு பேர் ஒரே சமயத்தில் எழுந்து நின்றிருக்க மாட்டார்கள். அந்தக் கட்டடத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கட்டு ஒரு மேசைக்கு வந்து முத்திரை விழுந்த நிமிஷத்திலிருந்துதான் தாமதம் கணக்காகும் என்பதால், யாரும் எதையும் மேசையில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். இரண்டு அறைகளுக்கு நடுவே வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு கிடக்கும், ஒரு பிரிவு முடித்த கட்டு அதில் போய் உட்காரும், அடுத்த பிரிவு கையை நீட்டுகிற வரைக்கும் அது யாருடைய கட்டும் அல்ல, யாருடைய தாமதமும் அல்ல. அணில் அதில் குட்டி போட்டிருக்கிறது. அப்படியெல்லாம் பாடுபட்டுக் காப்பாற்றிவந்த நிம்மதியில் இப்போது பெயரைச் சொல் என்று ஒருவர் வந்து நிற்கிறார்.

இரண்டாம் கிளார்க் அரியநாயகம்தான் வழி கண்டுபிடித்தார். ரூல் புத்தகம் முழுவதும் மனப்பாடம், அதில் வேலையைச் செய்யச் சொல்லும் பக்கங்கள் மட்டும் மறந்துபோகும். பிறவிப்பெருமாள் இன்னும் சர்வீஸில்தானே இருக்கிறார் என்று அவர் கேட்டார். சான்றிதழ் இல்லாத சாவு சாவாகாது, அழுகாத உடம்பைக் காலியிடம் என்று எழுத முடியாது. ஆகவே அப்பீல் பிரிவின் பொறுப்பு அலுவலர் இன்றைக்கும் அவரே.

அன்று மத்தியானமே ஒரு மினி வேன் பிடித்துக் கோமதியின் வீட்டுக்குப் போனார்கள். ஐயாவுக்கு வேலை இருக்கிறது என்றார்கள். அவள் அழுதாள், பிறகு அவர்கள் கொண்டுவந்த காகிதத்தில் அரசு முத்திரையைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டாள். அவரை அவருடைய நாற்காலியில் அந்தக் கட்டின் மேலேயே சாய்த்து உட்கார்த்தினார்கள். இறந்து இத்தனை நாளைக்குப் பிறகும் முகத்தில் ஒரு சுகம் வந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். கை பேனாவைப் பிடிக்காது என்பதால் அரியநாயகம் ஒரு ஆபீஸ் ஆர்டர் தயாரித்து நீதிபதியிடம் கையெழுத்து வாங்கினார். உடல்நிலை காரணமாகக் கையெழுத்திட இயலாத பொறுப்பு அலுவலரின் இடது பெருவிரல் ரேகை, சாட்சிகள் இருவர் முன்னிலையில் வைக்கப்பட்டால், எல்லாக் காரியங்களுக்கும் கையெழுத்தாகவே கொள்ளப்படும். அந்த வாரத்துக்குள் ஜில்லா கோர்ட்டின் எல்லாப் பிரிவுகளிலும் தேங்கிய எல்லாக் கட்டுகளுக்கும் விளக்கக் கடிதங்கள் தயாராயின. தாமதத்துக்கு நானே பொறுப்பு என்று ஒவ்வொன்றிலும் பிறவிப்பெருமாளின் பெருவிரல் பதிந்தது. விரல் நீலமாகிப்போனதால் மைப்பெட்டியை மேசையிலேயே விட்டுவைத்தார்கள்.

ஊர் அவரைச் சுலபமாக ஏற்றுக்கொண்டது. காலையில் வக்கீல்கள் வணக்கம் சொல்லிப் போனார்கள். கட்சிக்காரர்களுக்கு அவரிடம் ஒரு பிரியமே உண்டாயிற்று. நாள் முழுக்க சீட்டில் இருக்கிறார், எரிந்து விழுவதில்லை, நாளைக்கு வா என்று சொல்வதில்லை, கையை நீட்டுவதில்லை, இந்தக் கோர்ட்டில் இப்படி ஒரு மனுஷனா என்றார்கள். டீக்கடைக்காரர் பழக்க தோஷத்தில் அவர் முன்னாலும் ஒரு கிளாஸ் வைப்பார், யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள். ஆயுத பூஜைக்கு டைப்ரைட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்த கையோடு அவருக்கும் ஒரு பொட்டு வைத்தார்கள். புதிதாக மாற்றலாகி வந்த நீதிபதி ஒருவர் அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தப் பிரிவில் மட்டும் ஒழுக்கம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனார்.

மேலிடத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரியும் வந்தார். பிறவிப்பெருமாளின் எதிரே உட்கார்ந்து, ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டார். மௌனம். கவனக்குறைவா, கடமை தவறியதா என்று கேட்டார். அதற்கும் மௌனம். குற்றச்சாட்டுகளை அலுவலர் மறுக்கவில்லை என்று அதிகாரி எழுதினார். முகத்தில் வருத்தம் தெரிந்ததையும் சேர்த்துக்கொண்டார். இன்கிரிமென்ட்டை நிறுத்தி, மேற்கொண்டு விளக்கம் தர அவகாசமும் கொடுத்துவிட்டு, விருந்தினர் மாளிகையில் கோழிக்குழம்பு சாப்பிட்டுப் போய்ச் சேர்ந்தார். சஸ்பெண்ட் செய்யாமல் விட்டதற்கு அரியநாயகம் மனமுருகி நன்றி சொன்னார். சஸ்பெண்ட் செய்திருந்தால் நாற்காலி காலியாகியிருக்கும்.

திங்கட்கிழமைதோறும் கோமதி வெளுத்த சட்டை ஒன்றைக் கொண்டுவந்து, அவர் முகத்தைத் துடைத்து, சட்டை மாற்றிவிட்டுப் போவாள். வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் சீனியம்மாள் அவளைப் பல திங்கட்கிழமைகள் பார்த்தும் பேசவில்லை. ஐப்பசி மழையில் ஒருநாள் இரண்டு பேரும் தூணோரம் ஒதுங்கியபோது, கோமதி அவளுடைய வழக்கு என்னவென்று கேட்டாள். சீனியம்மாள் சொன்னாள். கட்டு எங்கே இருக்கிறது என்பதைக் கோமதி சொன்னாள். வராந்தா ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து இது சீனியம்மாளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது கோமதிக்குத் தெரியவில்லை.

"ஒங்க வீட்டுக்காரரு சாஞ்சிருக்கது எங்க வீட்டுக்காரரு மேலயாக்கும்," என்றாள் சீனியம்மாள். "உசுரோட இருக்கும்போதும் எறங்கல. செத்தும் எறங்கமாட்டேங்காரு."

கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, அவரை எரிக்க விடாமல் இவர்கள்தான் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள் என்றாள். அந்தக் கட்டு என்றைக்கு மேலே போகிறதோ அன்றைக்கு அவரும் போய்விடுவார், அது தன் மனசுக்குத் தெரியும் என்றாள். வீட்டில் அவர் யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை என்றும் சொன்னாள்.

இரண்டு பேருமாகப் போய் அரியநாயகத்திடம் கேட்டார்கள். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். பொறுப்பு அலுவலர் கையெழுத்தில்லாமல் அந்தப் பிரிவிலிருந்து ஒரு குண்டூசியைக்கூட எடுக்க முடியாது.

"அவரு செத்துட்டாருல்லா?" என்றாள் கோமதி.

"அப்படி ரெக்கார்டு இல்லம்மா," என்றார் அரியநாயகம். "நீங்களே சுமங்கலியாத்தான வந்து நிக்கீங்க."

மற்ற கிளார்க்குகள் சிரித்தார்கள். அந்தக் கட்டு போனால் ஹெட் கிளார்க் எரிந்துவிடுவார், எரிந்துவிட்டால் மேலிடத்துக் கேள்விக்கு வேறு விரல் வேண்டியிருக்கும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கருத்தப்பாண்டியின் கட்டைப் போல அவ்வளவு அக்கறையோடு பாதுகாக்கப்பட்ட காகிதம் அந்தக் கட்டடத்தில் வேறு இருந்ததில்லை. கரையான் வராமல் நாற்காலியின் காலுக்கு மண்ணெண்ணெய் தடவினார்கள்.

வெளியே வந்ததும் சீனியம்மாள் அழுவாள் என்று கோமதி எதிர்பார்த்தாள். அவளோ சுவரில் ஒட்டியிருந்த ஆபீஸ் ஆர்டரைக் காட்டி, அதில் என்ன போட்டிருக்கிறது, படியுங்கள் என்றாள். கோமதி படித்தாள். எல்லாக் காரியங்களுக்கும் என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை படித்தாள். சாட்சிகள் இருவர் யாராக இருக்க வேண்டும் என்று அதில் எழுதவில்லை. இழவு வீட்டுக்காரியும் ஜெயில்காரன் பெண்டாட்டியும் சாட்சி போடுவார்கள் என்று அரியநாயகத்துக்குத் தோன்றியிருக்காது.

அடுத்த திங்கட்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மணி அடித்து அறை காலியான பிறகு, கோமதி சட்டையோடு உள்ளே போனாள். சீனியம்மாள் பின்னாலேயே போனாள். வக்கீல் எப்போதோ டைப் அடித்துக் கொடுத்த அனுப்புகைக் கடிதம் அவள் இடுப்பில் மடித்துச் செருகியிருந்தது. கோமதி கணவரின் அக்குளில் கை கொடுத்து, குழந்தையை நிமிர்த்துவதுபோல முன்னால் சாய்த்தாள். சீனியம்மாள் கட்டை உருவினாள். வருஷக்கணக்கில் முதுகை வாங்கி வாங்கி அது வில்லைப் போல வளைந்திருந்தது, மேல்தாளில் வியர்வை படிந்து அவள் புருஷனின் பெயர் பாதி அழிந்திருந்தது. அவள் அதை மடியில் வைத்துக் கொஞ்சநேரம் நீவிக்கொடுத்தாள்.

"வாங்க," என்றாள் கோமதி கணவரின் காதருகே. "இது ஒண்ணு மட்டும் போட்டுருங்க."

விரலை மையில் ஒற்றிக் கடிதத்தில் பதித்தாள். கீழே தன் பெயரை எழுதினாள். சீனியம்மாள் எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினாள். திறந்து கிடந்த மேசை டிராயரிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார்கள். தபால் பிரிவில் இருந்த பெண் அந்தப் பெருவிரல் ரேகையை நூற்றுக்கணக்கில் பார்த்தவள், பார்த்துப் பார்த்து இப்போது பார்ப்பதையே விட்டிருந்தாள். கட்டை வாங்கினாள், நம்பர் போட்டாள், வாசலில் நின்ற தபால் வண்டிப் பையில் போட்டாள். கேட்க வேண்டியவர்களெல்லாம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்திருந்தார்கள்.

அரியநாயகம் பல்குத்திக்கொண்டு திரும்பி வந்தபோது பிறவிப்பெருமாள் நாற்காலியில் ஒருபக்கமாகச் சரிந்திருந்தார். மூன்று மணிக்கு மேல் அறையில் ஒரு வாடை எழுந்தது. முதலில் எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து பீரோக்களைத் திறந்தார்கள், பிறகு ஈக்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்தார்கள். அரியநாயகம் தபால் பிரிவுக்கு ஓடினார், வண்டி ஊர் எல்லையைத் தாண்டியிருந்தது. கட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதலாம்தான், ஆனால் அதற்குப் பொறுப்பு அலுவலரின் ரேகை வேண்டும், அந்த விரலை இனி யாரும் தொட மாட்டார்கள் போலிருந்தது.

அன்று சாயங்காலமே தகன மேடைக்குக் கொண்டுபோனார்கள். பஞ்சுப்பொதியைப் போலப் பற்றிக்கொண்டார். கோர்ட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. எல்லோருக்கும் அன்றைக்கே காய்ச்சல், மறுநாளிலிருந்து மருத்துவ விடுப்பு. அதற்குப் பிறகு அந்தப் பிரிவில் ஒருவர் உடம்பை ஒருவர் விசாரிக்கும் பழக்கம் வந்தது. யாருக்கு சர்க்கரை எவ்வளவு, யாருக்கு நெஞ்சில் குத்துகிறது என்று பரிவோடு கேட்டுக்கொண்டார்கள். அரியநாயகம் ஒருநாள் மாடிப்படியில் மூச்சு வாங்க நின்றபோது, கீழே நின்ற எல்லோரும் தன்னை ஆசையோடு பார்ப்பதைக் கண்டார். அடுத்த வாரமே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தார். அந்த விண்ணப்பம் பெஞ்சில் இருக்கிறது. இறந்த ஹெட் கிளார்க்கின் மேலும் கடைசியாக ஒரு குற்றச்சாட்டு பதிவாயிற்று. தாமதங்களுக்கெல்லாம் அவகாசம் கொடுத்தவர்கள், உரிய அனுமதியின்றி ஒரு கட்டை அனுப்பிவைத்ததற்காக அவரைக் கடுமையாகக் கண்டித்து எழுதியிருந்தார்கள்.

மேல்கோர்ட்டில் அப்பீல் ஒரு முற்பகலில் முடிந்தது. சாட்சி சொன்ன அந்த இரண்டு பக்கங்களையும் அடுத்தடுத்துப் படித்ததும் நீதிபதிகள் மேற்கொண்டு படிக்கவில்லை. விடுதலை என்று சொல்லிவிட்டு, இது வருவதற்கு ஏன் இத்தனை வருஷம் என்று அரசு வக்கீலைக் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல அவர் ஒரு வாய்தா வாங்கிக்கொண்டார்.

ஜெயில் வாசலில் கருத்தப்பாண்டி ஒரு துணிப்பையோடு வெளியே வந்தான். சீனியம்மாள் கொண்டுபோன சட்டை அவனுக்கு இரண்டு ஆள் சட்டையைப் போலத் தொங்கியது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து மூச்சு அடங்கிய பிறகு, கட்டை யார் அனுப்பி வைத்தது என்று கேட்டான்.

"செத்தவரு ஒருத்தரு," என்றாள் அவள். "உசுரோட இருந்தவன் எவனும் கை வைக்கல."

அவன் அதற்கு மேல் விவரம் கேட்கவில்லை. ஜெயிலில் இருந்தவனுக்கு அதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. நெடுங்கரையில் பஸ் நின்றதும், வீட்டுக்குப் போகுமுன் செத்தவர் வீட்டில் துஷ்டி கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்றான்.

கோமதி நெற்றியில் திருநீறோடு இருந்தாள். இரண்டு பேருக்கும் பாய் விரித்தாள். கருத்தப்பாண்டி உட்கார்ந்து, சுவரில் மாலை போட்டிருந்த போட்டோவை அண்ணாந்து பார்த்தான். இருமல் வந்தபோது துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, அது நின்றதும் மறுபடியும் பார்த்தான்.

"இவுக மொகத்த நான் பாத்ததே இல்ல," என்றான் மனைவியிடம்.

"அவரும் ஒங்கள ஒரு தடவ பாத்திருக்கலாம்," என்றாள் கோமதி.

அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தார்கள். தெருவில் பள்ளிக்கூடம் விட்ட சத்தம் கேட்டு அடங்கியது. கருத்தப்பாண்டி சுவரைப் பிடித்து எழுந்தான். ஒவ்வொரு கோர்ட் வாசலிலும் ஒவ்வொரு ஜன்னலிலும் கும்பிட்டு, வருகிறேன் ஐயா, வருகிறேன் ஐயா என்று சொல்லியே திரும்பியவனுக்கு அந்தச் சொல் வாய்வரைக்கும் வந்துவிட்டது. சீனியம்மாள் அவன் கையை அழுத்தினாள். துஷ்டி வீட்டில் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. கோமதியும் வாருங்கள் என்று சொல்லவில்லை. இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல், வெயிலில் இறங்கி நடந்தார்கள்.